பிராய்லர், நாட்டுக்கோழி, கடல் இறால்: ருசி வித்தியாசம் நிஜமா, பழைய நினைப்பா?

தண்டையார்பேட்டை_செல்வி கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை வந்தால் ஒரே பஞ்சாயத்து. என் மாமனார் பொன்னேரிப் பக்கம் பிறந்து வளர்ந்தவர். நான் எவ்வளவு பார்த்துப் பார்த்துச் சமைத்தாலும் முதல் வாய் வைத்ததும் "கறி சப்புனு இருக்கும்மா" என்பார். என்னைக் குறை சொல்வதில்லை, கோழியைத்தான் சொல்கிறார். என் கணவர் நேர் எதிர். விவரம் தெரிந்த நாளிலிருந்து பிராய்லர் சாப்பிட்டே வளர்ந்தவர். நாட்டுக்கோழி வாங்கினால் இரண்டு துண்டு கடித்துவிட்டுத் தட்டை நகர்த்திவிடுவார்.

மாமனார் பேச ஆரம்பித்தால் சின்ன வயதில் சாப்பிட்டதெல்லாம் வரிசையாக வரும். வாசலில் மேய்ந்த கோழி, அறுப்பு முடிந்த வயலில் கண்ணி வைத்துப் பிடித்த கௌதாரி, ஏரி வற்றும்போது சேற்றில் கையால் பிடித்த விரால், பழவேற்காட்டு இறால். "அந்த இறாலுக்கு மசாலாவே வேணாம், உப்பு மஞ்சத்தூள் போதும்" என்று சொல்லும்போது அவர் முகத்தைப் பார்த்தால் எனக்கே ஆசையாக இருக்கும்.

இந்த வித்தியாசம் நிஜமாகவே கறியில் இருக்கிறதா, இல்லை வயதான நாக்கும் பழைய நினைப்புமா? கடையில் நாட்டுக்கோழி என்று எழுதி வைத்திருப்பதை நம்பி இரண்டு மடங்குக்கு மேல் காசு கொடுக்கலாமா? மே மாதம் அவருக்கு 75 வயது முடிகிறது. அன்றைக்கு அவர் "சப்புனு இருக்கு" என்று சொல்லாமல் ஒரு வேளை வயிறாரச் சாப்பிட வேண்டும். எனக்கு அவ்வளவுதான் வேண்டும். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

---

வியாசர்பாடி_கறிக்கடை:

செல்விம்மா, உங்கள் மாமனார் சொல்வது நினைப்பு இல்லை, நிஜம். நான் அப்பா காலத்திலிருந்து கோழியும் ஆடும் வெட்டுகிற கடையில் நிற்கிறவன். இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று இருந்தேன். கொஞ்சம் நீளமாகப் போகும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வயசு. கூண்டில் நீங்கள் கை காட்டுகிற இரண்டு கிலோ பிராய்லருக்கு வயது 35லிருந்து 42 நாள்தான். உருவம் பெரிசு, உள்ளே அது இன்னும் குஞ்சு. நம்பிக்கை இல்லை என்றால் கடை வாசலில் ஒரு நிமிஷம் நின்று சத்தத்தைக் கேளுங்கள். கொக்கரிக்காது, கூவாது. கீச்கீச்சென்று குஞ்சுக் குரல்தான் வரும். வாசலில் மேய்கிற கோழி ஒன்றரைக் கிலோ தொடுவதற்கு ஐந்தாறு மாதம் பிடிக்கும். அந்த மாதமெல்லாம் அது நடக்கிறது, குப்பையைக் கிளறுகிறது, நாய் துரத்தினால் மதில் ஏறுகிறது. உழைத்த கறியில் சிவப்பு ஏறும், ருசியும் ஏறும். ஒரே கோழியில் தொடைக்கறியும் நெஞ்சுக்கறியும் வேறு வேறு ருசியாக இருக்கிறதல்லவா? தொடை நடந்த கறி, நெஞ்சு சும்மா இருந்த கறி. பண்ணையில் தொடைக்கும் வேலை இல்லை.

அடுத்தது சவ்வு. வயது ஏற ஏற எலும்பைச் சுற்றியும் கறிக்கு நடுவிலும் இருக்கிற சவ்வு முறுகிக்கொண்டே போகும். சட்டென்று வேகாது. ஆனால் பொறுமையாக வேக வைத்தால் அந்தச் சவ்வு கரைந்துதான் குழம்பு கெட்டியாகிறது. நல்ல முற்றல் கோழிச் சாறு ஆறினால் உதட்டில் ஒட்டும். பிராய்லர் சாறு அந்த அளவுக்கு ஒட்டாது. உங்கள் வீட்டுக்காரருக்கு நாட்டுக்கோழி பிடிக்காமல் போனதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பிராய்லருக்குப் போடுகிற அதே மூன்று விசில் நாட்டுக்கோழிக்குப் போதாது.

அப்புறம் தோல். நாட்டுக்கோழியை இறகு பிடுங்கி, நெருப்பில் வாட்டி, மஞ்சள் தடவித் தோலோடு வெட்டுகிறோம். பிராய்லரை முக்கால்வாசிப் பேர் தோலுரித்துத்தான் கேட்கிறார்கள். கோழியின் வாசனை கொழுப்பில் இருக்கிறது, கொழுப்பு தோலுக்கு அடியில் இருக்கிறது. அதைக் கடையிலேயே விட்டுவிட்டுப் போய் ருசி இல்லை என்றால் கோழி என்ன செய்யும்? தோலோடு வாங்குங்கள் என்று வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறேன். கேட்கிறவர்கள் குறைவு.

இப்போது நீங்கள் கேட்ட பெரிய கேள்வி, கடை நாட்டுக்கோழியை நம்பலாமா என்பது. அந்தக் கூண்டில் இருப்பது எல்லாம் ஒன்று இல்லை. ஊர் ஊராகப் போய் வீட்டுக்கு இரண்டு மூன்று என்று வாங்கிச் சேர்த்துக் கொண்டு வருவது நிஜமான நாட்டுக்கோழி. ஒரே கூண்டில் கறுப்பு, செவலை, புள்ளி எல்லாம் கலந்து நிற்கும், எடையும் ஒன்றுக்கொன்று ஒத்துவராது. கிராஸ் என்று ஒன்று இருக்கிறது. பார்க்க நாட்டுக்கோழி, வளர்ந்தது பண்ணையில், தீவனத்தில், இரண்டரை மூன்று மாதத்தில். ருசி பிராய்லருக்கு மேல், நாட்டுக்கோழிக்குக் கீழ். அதைக் கிராஸ் என்று சொல்லி, அதற்கேற்ற விலை வாங்கினால் தப்பில்லை. நாட்டுக்கோழி என்று சொல்லி விற்பதுதான் எனக்குப் பொறுக்காது. இது போக, முட்டை ஓய்ந்த பழுப்பு லேயரையும், அதாவது முட்டைக்கென்றே பண்ணையில் வளர்க்கிற கோழியையும், சிலர் சேர்த்துவிடுகிறார்கள். வயசு ஒன்றரை வருஷம் இருக்கும், ஆனால் கூண்டை விட்டு இறங்காத கோழி.

பார்த்து வாங்குகிற வழி சொல்கிறேன். கோழியைப் பிடித்துக் காட்டச் சொல்லி, நெஞ்செலும்பு வயிற்றுப் பக்கம் முடிகிற நுனியைக் கட்டைவிரலால் அழுத்துங்கள். வளைந்து கொடுத்தால் இளசு. அசையாமல் கட்டையாக நின்றால் வயசு இருக்கிறது. காலைப் பாருங்கள். மேய்ந்த கோழிக்கு நகம் கிளறிக் கிளறித் தேய்ந்திருக்கும், செதில் சொரசொரப்பாக இருக்கும், சேவல் என்றால் காலின் பின்புறம் முள் புறப்பட்டிருக்கும். மூக்கைப் பாருங்கள். பண்ணையில் ஒன்றையொன்று கொத்தாமலிருக்க லேயர் குஞ்சுகளுக்கு மூக்கு நுனியைச் சுட்டு எடுத்துவிடுவார்கள். மொண்ணை மூக்கோடு இருப்பது வாசலில் வளர்ந்த கோழி இல்லை. கடைசியாக, வெட்டின பிறகு இரைப்பையை உங்கள் கண் முன்னால் கீறிக் காட்டச் சொல்லுங்கள். மேய்ந்த கோழி வயிற்றில் பொடிக்கல், புல், நெல், வண்டு, சோற்றுப் பருக்கை எல்லாம் கிடக்கும். பண்ணைக் கோழி வயிற்றில் ஒரே மஞ்சள் மாவு. அதைப் பார்த்த பிறகு யாரும் உங்களிடம் கதை சொல்ல முடியாது.

ஆட்டில் இவ்வளவு வித்தியாசம் வராது. நமக்கு வருகிற ஆடு இன்னும் பெரும்பாலும் மேய்ந்த ஆடுதான். பரண் மேல் கட்டித் தீவனம் போட்டு வளர்த்தது இப்போது கொஞ்சம் வருகிறது. கறி மெத்தென்று இருக்கும், கொழுப்பு ஜாஸ்தி, வாசனை குறைச்சல். உங்கள் மாமனார் சின்ன வயதில் சாப்பிட்டது திருவள்ளூர் பக்கத்துச் செம்மறியாக இருக்கும். சென்னைச் சிவப்பு என்று அதற்குப் பெயர், உடம்பு பெரும்பாலும் செம்பழுப்பு நிறம். ஆட்டு விஷயத்தில் ருசியைக் கெடுப்பது பயணம். வெளி மாநிலத்திலிருந்து லாரியில் நின்றுகொண்டே வந்த ஆட்டை இறக்கின கையோடு வெட்டினால் கறி கறுத்து, தொட்டால் பிசுபிசுக்கும். அதே ஆட்டைத் தண்ணி காட்டி, தழை போட்டு, ஒரு ராத்திரி இளைப்பாற விட்டு வெட்டினால் கறியே வேறு. இதை ஆடுதொட்டியில், அதாவது ஆடு வெட்டுகிற கூடத்தில், வேலை செய்த யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

---

பெரம்பூர்_பாலா:

கடை அண்ணன் அனுபவத்தோடு எழுதியிருக்கிறார், மரியாதை உண்டு. ஆனால் முழுக்க ஒத்துக்கொள்ள முடியவில்லை.

எங்கள் வீட்டில் அக்கா ஒரு முறை இரண்டு சட்டியில் ஒரே மசாலாவில் சமைத்தார். ஒன்றில் பிராய்லர், ஒன்றில் நாட்டுக்கோழி. எலும்பு நீக்கி, சின்னதாக நறுக்கி, கண்ணை மூடிக்கொண்டு சாப்பிடச் சொன்னார். எல்லோரும் சரியாகச் சொன்னோம், ஆனால் பல்லால் சொன்னோம். மெல்ல வேண்டியிருந்தால் நாட்டுக்கோழி. மெல்லாமல் குழம்பை மட்டும் ஊற்றிச் சாப்பிட்டபோது ஒருவர் சொன்னதும் இன்னொருவர் சொன்னதும் ஒத்துவரவில்லை. இஞ்சி பூண்டு, பட்டை லவங்கம், தேங்காய், மிளகாய்த்தூள் இவ்வளவும் போட்ட பிறகு கோழிக்குச் சொந்தக் குரல் எங்கே மிச்சம்? பிரியாணியில் இன்னும் மோசம்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். நான் சின்னப் பையனாக இருந்தபோது எங்கள் தெருவில் கோழிக்கறி என்றால் தீபாவளிக்கும் விருந்தாளி வந்தாலும்தான். அப்பா தினக்கூலி. பிராய்லர் விலை கைக்கு எட்டிய பிறகுதான் ஞாயிற்றுக்கிழமை எங்கள் அடுப்பில் கறி ஏறியது. என் தங்கச்சி வளர்ந்தது அந்தக் கறியில். அதைச் சப்பு என்று யார் சொன்னாலும் எனக்கு மனசு தாங்காது.

---

காசிமேடு_மேரி:

செல்வி அக்கா, கோழியை மற்றவர்கள் பார்த்துக்கொள்வார்கள், நான் இறாலுக்கு வருகிறேன். என் அம்மா காசிமேட்டில் மீன் விற்கிறவர். விடியலில் ஏலம் எடுக்கும்போது நானும் கூட நிற்பேன்.

கௌதாரிக்கு உங்கள் மாமனார் ஏங்குவது புரிகிறது. ஆனால் யோசித்துப் பாருங்கள், யாரும் கூண்டில் அடைக்காமல், யாரும் தீவனம் போடாமல் தானாக வளர்ந்த உயிரை நாம் இன்றைக்கும் சாப்பிடுகிறோம் என்றால் அது கடல் மீன்தான். வட சென்னைக்காரர்களுக்குக் காட்டுக் கறி என்பது காசிமேட்டில்தான் இருக்கிறது. அது பெரிய பாக்கியம் என்றே நான் நினைக்கிறேன்.

இறாலில் இப்போது மார்க்கெட் முழுக்க வனாமி. இது நம் கடல் இறால் இல்லை, பசிபிக் கடலின் அமெரிக்கக் கரையோரத்து இனம். 2009இல் இங்கே வளர்க்க அனுமதி கொடுத்தார்கள். அதற்கு முன்னால் குளத்தில் வளர்த்தது டைகர். இப்போது பொன்னேரி, கும்மிடிப்பூண்டி, நெல்லூர் வரைக்கும் குளங்களில் பெரும்பாலும் வனாமிதான். பார்த்ததும் தெரியும். ஒரு கூடையில் எல்லாம் ஒரே நீளம், ஓடு மெல்லிசு, நிறம் வெளுப்பு. கடல் இறால் என்றால் பெரிசும் சிறிசும் கலந்து வரும், ஓடு உரிக்கும்போது கொஞ்சம் முரண்டு பிடிக்கும், தலையை நசுக்கினால் செம்மஞ்சளாகக் கொழுப்பு வரும். வாசனையும் வேறு. கடல் இறாலைச் சட்டியில் போட்டதும் பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும். வனாமி கெட்ட இறால் இல்லை. மசாலா தூக்கலாகப் போட்டுத் தொக்கு செய்தால் நன்றாகவே இருக்கும். ஆனால் உங்கள் மாமனார் கேட்கிற மாதிரி உப்பும் மஞ்சளும் மட்டும் போட்டால் அது தாங்காது.

கொடுவாவிலும் இப்படித்தான். குளத்துக் கொடுவா நிறம் மங்கல், வயிறு பருத்து, கீறினால் உள்ளே வெள்ளையாகக் கொழுப்பு கட்டியிருக்கும். வறுக்கும்போது எண்ணெய் கூடும். கடல் கொடுவா ஒடுக்கமாக, வெள்ளி மாதிரி மின்னும், சதை அடுக்கடுக்காகப் பிரியும். ருசி வேண்டும் என்றால் இரண்டாவது. மெத்தென்று வேண்டும் என்கிற வயதானவர்கள் சிலர் முதலாவதைத்தான் கேட்டு வாங்குகிறார்கள், அதையும் சொல்ல வேண்டும்.

ஒன்றை மறைக்க மாட்டேன். இயற்கையாக வளர்ந்தது எல்லாம் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. 2017 ஜனவரியில் எண்ணூர் துறைமுகத்துக்குப் பக்கத்தில் இரண்டு கப்பல் மோதி எண்ணெய் கொட்டியபோது ஊரே மீன் வாங்கப் பயந்தது, அம்மா கூடையை அப்படியே திருப்பிக்கொண்டு வந்தார். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணூர் ஆற்று முகத்துவாரத்தில் எண்ணெய் வந்து படிந்தது. வலை, படகு, கரை எல்லாம் கறுப்பு. அப்புறம் கொஞ்ச காலம் அங்கே பிடித்த மடவையை வாயில் வைக்க முடியவில்லை, குழம்பு கொதிக்கும்போதே மண்ணெண்ணெய் நாற்றம். எண்ணூர் மடவைக்கு ஒரு காலத்தில் ஆள் அனுப்பி வாங்குவார்கள். ஒரு மீன் எந்தத் தண்ணீரில் இருந்ததோ அந்தத் தண்ணீர் அதன் சதையில் இருக்கிறது. நல்ல தண்ணீரைக் கெடுத்துவிட்டால் காட்டு ருசி எங்கேயிருந்து வரும்?

---

மாதவரம்_கால்நடை_மாணவி:

இங்கே மாதவரம் பால்பண்ணைப் பக்கம் படிக்கிறேன். மூன்று பேர் சொன்னதிலும் விஷயம் இருக்கிறது, கொஞ்சம் சேர்க்கிறேன்.

பிராய்லருக்கு ஊசி போட்டு, ஹார்மோன் கொடுத்து வளர்க்கிறார்கள் என்று பலர் நம்புகிறார்கள். அப்படி இல்லை. வேகமாக வளர்கிற கோழிகளைத் தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கி எடுத்து இனம் சேர்த்ததன் பலன் அது. கனடாவில் ஆல்பர்ட்டா பல்கலைக்கழகத்தில் ஒரு ஆய்வு செய்தார்கள், 2014இல் வெளியானது. 1957ஆம் ஆண்டு இனத்தையும் 2005ஆம் ஆண்டு இனத்தையும் ஒரே தீவனம் போட்டு ஒரே இடத்தில் வளர்த்தார்கள். 56ஆம் நாளில் பழைய இனம் 905 கிராம், புதிய இனம் 4.2 கிலோ. ருசிக்காக யாரும் பொறுக்கவில்லை, எடைக்காகப் பொறுக்கினார்கள். எடை வந்தது.

பாலா அண்ணன் சொன்ன பல் விஷயம் சரி. ஆனால் பல்லுக்குத் தெரிவது மட்டும் இல்லை. தசையில் சக்தியைச் சேர்த்து வைக்கிற பொருள், கோழி இறந்த பிறகு சிதைந்து இனோசினிக் அமிலமாக மாறும். கறிச்சாற்றின் சுவையில் பெரிய பங்கு அதற்கு. கோழியின் இனம், வயது இதற்கெல்லாம் ஏற்ப அதன் அளவு மாறும். கொழுப்பின் வாசனை தீவனத்தைப் பொறுத்தது. தீவனத்தில் மீன்தூள் அதிகமானால் கறியிலும் முட்டையிலும் மீன் வாடை வரும், அதைப் பலரும் கவனித்திருப்பீர்கள்.

மேரி அக்கா சொன்ன இறால் எனக்கு ரொம்பப் பிடித்த பாடம். உப்புத் தண்ணீரில் வாழும் இறால் உடம்புக்குள்ளிருக்கும் நீர் வெளியே இழுபடாமல் சமாளிக்க கிளைசின் போன்ற அமினோ அமிலங்களைச் சதையில் சேர்த்துக்கொள்கிறது. கிளைசின் இனிக்கும். தண்ணீரில் உப்பு கூடக் கூட இறாலில் இனிப்பு கூடும், குளத்தில் உப்பு குறைவாக இருந்தால் இனிப்பும் குறையும். அந்தக் கடல் வாசனை, இறால் தின்கிற பாசியிலிருந்தும் புழுவிலிருந்தும் வருகிற புரோமோஃபீனால் என்ற பொருள்களால். தீவனத்தில் அது கிட்டத்தட்ட இல்லை. மாறாக, குளத்து மீனில் வருகிற மண் வாடைக்குக் காரணம் சில நுண்ணுயிர்களும் நீலப்பச்சைப் பாசியும் உண்டாக்கும் ஜியோஸ்மின். புளிப்பு சேர்ந்தால் அது குறையும். குளத்து மீனுக்கு நம் வீட்டில் புளியைக் கொஞ்சம் கூடக் கரைப்பது சும்மா இல்லை.

கௌதாரி பற்றி. செல்வி அக்கா, யாராவது கிடைக்கும் என்று சொன்னாலும் வாங்க வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கௌதாரி, காட்டுமுயல், காட்டுப்பன்றி எல்லாம் வேட்டையாடக் கூடாதவை. சட்டம் இருக்கட்டும், பொன்னேரி வயல்களில் கௌதாரிச் சத்தம் கேட்பதே அரிதாகிவிட்டது. அவர் சொல்கிற ருசிக்குப் பக்கத்தில் போக வேண்டும் என்றால் பண்ணைக் காடை வாங்கலாம். அது ஜப்பானியக் காடை, 1974இல் இந்தியாவுக்கு வந்தது, நாமக்கல் காடை என்று எங்கள் கால்நடைப் பல்கலைக்கழகம் உருவாக்கிய இனமும் இருக்கிறது. பண்ணையில் வளர்ந்தாலும் அதன் நெஞ்சுக்கறி பிராய்லர் மாதிரி வெளுப்பாக இருக்காது, கொஞ்சம் கறுத்திருக்கும். பறக்கிற பறவையின் நெஞ்சு அப்படித்தான். வேட்டைப் பறவையின் வாசனையில் ஒரு பங்காவது அதில் இருக்கிறது.

---

புளியந்தோப்பு_தாஸ்:

மாட்டுக்கறி பற்றி யாரும் பேசவில்லையே. இந்தப் பண்ணைப் பிரச்சினை எங்கள் கறிக்கு இல்லை. தமிழ்நாட்டில் 1958ஆம் ஆண்டுச் சட்டப்படி 10 வயதுக்கு மேல், வேலைக்கும் கன்றுக்கும் ஆகாது என்றோ, காயத்தாலோ தீராத நோயாலோ நிரந்தரமாக முடங்கிவிட்டது என்றோ சான்று இருந்தால்தான் மாட்டை வெட்டலாம். அதனால் இங்கே தட்டுக்கு வருவது வண்டி இழுத்த, ஏர் உழுத, பால் கறந்து ஓய்ந்த உடம்பு. முற்றல் கறி. நேரம் எடுக்கும், ஆனால் சுக்கா போட்டால் மிளகையும் மீறிக் கறி பேசும். கொழுப்பு மஞ்சளாக இருந்தால் பச்சைப் புல் மேய்ந்த மாடு, வெள்ளை வெளேரென்று இருந்தால் பெரும்பாலும் எருமை. எருமை எவ்வளவு புல் தின்றாலும் கொழுப்பு மஞ்சளாகாது. எங்கள் ஆயா விறகடுப்பில் சாயங்காலம் ஏற்றினால் ராத்திரிச் சாப்பாட்டுக்குத்தான் இறக்குவார்.

---

வியாசர்பாடி_கறிக்கடை:

பாலா தம்பி, உன் அப்பா மாதிரி ஆட்கள்தான் எங்கள் கடைக்கு வாராவாரம் வருகிறவர்கள். பிராய்லரை இளக்காரமாக நான் ஒரு நாளும் பேச மாட்டேன். இளசுக் கறி இளசுக் கறியாக இருக்கிறது, அவ்வளவுதான். அதற்கு ஏற்ற சமையல் வறுவல், பொரியல், பிரியாணி. சீக்கிரம் வேகும், மசாலாவைப் பிடித்துக்கொள்ளும். அங்கே நாட்டுக்கோழி போடுவது காசுக்குக் கேடு என்று நானே சொல்லி அனுப்புவேன்.

ஆனால் உன் அக்காவிடம் இன்னொரு முறை செய்யச் சொல். தேங்காய், பட்டை, லவங்கம் எதுவும் வேண்டாம். எலும்போடும் தோலோடும் கறி, சின்ன வெங்காயம், மஞ்சள், உப்பு, இறக்கும்போது தட்டின மிளகு. இரண்டு சட்டி, இரண்டுக்கும் நேரம் வேறு: பிராய்லர் வெந்ததும் இறக்கிவிடு, முற்றல் கோழி ஒன்றரை மணி நேரம் சின்னத் தீயில் கிடக்கட்டும். சாற்றை மட்டும் குடித்துப் பார். அதற்குப் பிறகும் ஒன்றுதான் என்றால் நான் பேச மாட்டேன்.

செல்விம்மா, மே மாதத்துக்கு உங்களுக்கும் இதையேதான் சொல்கிறேன். ஒரு வருஷம் தாண்டின பெட்டைக்கோழி வாங்குங்கள், சேவலை விடக் கொழுப்பு இருக்கும். நான்கு நாள் முன்னால் சொல்லி வைத்தால் எந்த நல்ல கடையிலும் வரவழைத்துத் தருவார்கள். குக்கரில் வைப்பதானால் ஐந்தாறு விசிலுக்குப் பிறகு தீயைக் குறைத்து இருபது நிமிஷம். உப்பைக் கறி வெந்த பிறகு சரி பார்த்துப் போடுங்கள், சாறு வற்றும்போது கரிக்கும். அன்றைக்கு மசாலா கை தாராளமாக வேண்டாம்.

---

பெரம்பூர்_பாலா:

சரி அண்ணா, அக்காவிடம் சொல்லிவிட்டேன். வர ஞாயிறு சாறு வைக்கிறார். தோலோடு வாங்க நான்தான் போகிறேன், எந்தக் கடை என்று தனியாகச் சொல்லுங்கள்.

---

தண்டையார்பேட்டை_செல்வி:

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. இவ்வளவு பேர் இவ்வளவு பொறுமையாக எழுதுவீர்கள் என்று நினைக்கவில்லை. எல்லாவற்றையும் மாமனாருக்குப் படித்துக் காட்டினேன். இரைப்பைக்குள் நெல்லும் வண்டும் இருக்கும் என்ற இடத்தில் "ஆமா, ஆமா" என்று தலையாட்டினார். எண்ணூர் மடவை பற்றிப் படித்தபோது மட்டும் ஒன்றும் பேசவில்லை.

முடிவு செய்துவிட்டேன். மாமனாருக்கு முற்றல் பெட்டைக்கோழிச் சாறும் குழம்பும், என் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பிராய்லர் வறுவல். இரண்டு அடுப்பு இருக்கிறது, ஏன் ஒரே சட்டியில் சண்டை போட வேண்டும்? காடை என்றதும் மாமனாருக்கு ஆசை வந்துவிட்டது, அதுவும் நாலு வாங்குகிறேன்.

மேரி, இறாலுக்கு மட்டும் உங்களை நம்பியிருக்கிறேன். தேதி மே இரண்டாவது வாரம். அப்போது கடல் இறால் கிடைக்குமா?

---

காசிமேடு_மேரி:

அக்கா, அது தடைக்காலம். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை விசைப்படகு கடலுக்குப் போகாது. மீன் முட்டை வைக்கிற நேரம், போகாமல் இருப்பதுதான் நல்லது. அந்த நேரத்தில் ஐஸில் அடுக்கி மேற்குக் கடற்கரையிலிருந்து வருவதும் குளத்து வனாமியும்தான் அதிகம். கடல் இறால் என்று யாராவது கூவி விற்றால் ஓட்டைத் தொட்டுப் பார்க்காமல் வாங்காதீர்கள்.

ஆனால் ஃபைபர் படகுக்குத் தடை இல்லை. காலையில் போய்க் கரைக்குப் பக்கத்தில் வலை போட்டுத் திரும்புவார்கள், கொஞ்சமாகத்தான் வரும், விலை கூடத்தான் இருக்கும். பழவேற்காட்டில் ஏரிக்குள் கையால் தடவி இறால் பிடிக்கிற இருளர் பெண்கள் இருக்கிறார்கள், பரி என்கிற பனை ஓலைக் கூடையை வாயில் கடித்துக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் போவார்கள். உங்கள் மாமனார் சொல்வது அநேகமாக அந்த இறால்தான். அங்கே எனக்குத் தெரிந்த ஒரு அக்கா வியாபாரம் செய்கிறார், சொல்லி வைக்கிறேன். கிடைத்தால் ஒரு கிலோ, கிடைக்காவிட்டால் முந்தின நாள் ராத்திரியே சொல்லிவிடுவேன், நீங்கள் வனாமி வாங்கித் தொக்கு செய்துவிடுங்கள். கிடைத்தால் காலையில் ஆறு மணிக்குள் பாத்திரத்தோடு வந்துவிடுங்கள், பிளாஸ்டிக் கவர் வேண்டாம். தலையை அங்கேயே கிள்ளி எறிய விடாதீர்கள், தலையோடு கொண்டு போங்கள்.